ஓயா நீர்

தமிழிலக்கணம் படித்தவன் மலைநாட்டுக்குப் போனால் ஒரு சிறு மயக்கத்துக்கு ஆளாவான். அங்கே சிற்றாறுகளுக்கெல்லாம் 'ஓயா' என்று பெயர். நானு ஓயா, அக்கர ஓயா, கொத்மலை ஓயா. ஓயா என்பது சிங்களச் சொல். கங்கையிலும் சிறிய ஆற்றைக் குறிப்பது. அச்சொல்லுக்கும் தமிழுக்கும் உறவு கற்பிக்க யான் முற்படவில்லை. ஒலி ஒத்தால் வேரும் ஒன்றே என்று சாதிக்கும் ஆராய்ச்சி நம்மிடையே வேண்டிய மட்டும் இருக்கிறது. ஆனாலும், புகையிரத நிலையப் பலகையில் அதனைத் தமிழெழுத்திற் கண்டதும், பழகிய கண் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமாகவே வாசித்து விடுகிறது. ஓயாத நீர், ஓயா நீர். இரவென்றும் பகலென்றும் பாராது விழுந்துகொண்டேயிருக்கும் நீருக்கு இதிலும் பொருத்தமான பெயர் வாய்க்குமா என்று ஒரு காலத்தில் எண்ணியிருந்தேன்.

அந்தக் காலம் 1982ஆம் ஆண்டு. எனக்கு வயது பன்னிரண்டு. ஓகஸ்ட் விடுமுறை. தலவாக்கலையில் ஆசிரியராயிருந்த உறவினர் ஒருவர் வீட்டுக்குத் தந்தையார் என்னை அழைத்துச் சென்றார். யான் அதுவரை கண்ட ஆறு வழுக்கையாறு ஒன்றே. மாரியில் மூன்று மாதம் ஓடி, கோடையில் மாடு மேயும் தரவையாகிவிடும் ஆறு அது. நீர் என்றால் எமக்குக் கிணறு. கிணற்று நீர் கீழே கிடப்பது. துலா மிதித்தும் இயந்திரம் இறைத்தும் அதனை மேலே கொண்டுவர வேண்டும். தானே மேலிருந்து கீழே வரும் நீரை யான் புத்தகத்தில் மட்டுமே அறிவேன்.

அட்டனை விட்டதும் சிங்கமலைச் சுரங்கம். வண்டியில் இருந்த சிறுவர் எல்லாம் கூவினார்கள், யானும் கூவினேன். சுரங்கம் கழிந்து, கொட்டகலை கழிந்து, தேயிலைச் சரிவுகளைச் சுற்றிச் சுற்றி வண்டி போய்க்கொண்டிருந்தபோது தந்தையார் என் தலையைப் பிடித்துத் திருப்பினார். "அங்கை பார் தம்பி. நீர்வீழ்ச்சி எண்டு உங்கடை புத்தகத்திலை கிடக்கும். உதுக்குப் பேர் அருவி."

மலையின் அகலத்துக்கு ஒரு வெள்ளைச் சேலையை உதறி விரித்தாற்போல இருந்தது. தென்மேற்குப் பருவ மழை பெய்து நிறைந்த காலம். பாறையின் நிறமே தெரியவில்லை. வண்டியின் ஓசையில் அருவியின் ஓசை கேட்கவில்லை. அதனால் அது விழுவதாகவே தோன்றவில்லை, தொங்குவதாகத் தோன்றியது. ஒரு வளைவு வந்தது. மறைந்தது. மற்றொரு வளைவில் மீண்டும் தெரிந்தது. அதன் பின் தேயிலை. அன்றிரவு தலவாக்கலையில் உறவினர் வீட்டிற் படுத்தபோதுதான் ஆற்றின் ஓசையைக் கேட்டேன். மழை பெய்கிறது என்றெண்ணி எழுந்து யன்னலருகே போய்ப் பார்த்தேன். வானத்தில் நட்சத்திரம் இருந்தது.

யான் கண்ட அருவியின் பெயர் சென்கிளயர். உயரம் 80 மீற்றர். அகலம் 50 மீற்றர் வரை. இலங்கை அருவிகளுள் மிக அகன்றது அதுவே என்பர். சிங்கள மக்கள் அதனை மகா எல்ல என்றும், கீழே அதனை அடுத்துள்ள சிறிய அருவியைக் குடா எல்ல என்றும் வழங்குவர். எல்ல என்றால் அருவி. அங்கிருந்து சில கிலோமீற்றர் தொலைவில், அதே வீதியருகே, டெவன் என்ற மற்றோர் அருவி 97 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிறது. டெவன் என்பார் ஒரு கோப்பித் தோட்டத் துரை. சென்கிளயர் என்பது தோட்டத்தின் பெயர். தோட்டத்தை அளந்து எல்லைக்கல் நட்டவர்கள் அருவியையும் சேர்த்தே பெயரிட்டுக்கொண்டார்கள். அருவி அவர்களுக்கு முன்னரும் விழுந்துகொண்டுதான் இருந்தது.

நீர்வீழ்ச்சி என்ற சொல்மீது தந்தையாருக்கு இருந்த பகை எனக்கும் வந்துவிட்டது. அது பிழையான சொல்லன்று. பிறமொழிச் சொல்லைத் துண்டு துண்டாக எடுத்துத் தமிழில் ஒட்டியது, அவ்வளவே. ஆயினும் சங்கத்துச் சான்றோர் காலந்தொட்டு அருவி என்ற சொல் ஒருநாளும் வழக்கொழியாது வந்திருக்கிறது. கையிலுள்ள பொன்னை வைத்துவிட்டுக் கடனுக்குப் பித்தளை வாங்குவானேன்? என் மாணவர் கட்டுரையில் நீர்வீழ்ச்சி என்றெழுதினால் இன்றும் சிவப்பு மையாற் கோடிடுகிறேன். அவர்கள் வேறு ஆசிரியருக்கு எழுதும்போது நீர்வீழ்ச்சி என்றே எழுதுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

1990இல் வடபகுதிக்குப் புகையிரதம் நின்றது. 2014 ஒக்டோபரில் அது மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. இடைப்பட்ட 24 ஆண்டுகளில் யான் மலைநாட்டுக்குப் போகவில்லை. போக முடியாத காலமும் இருந்தது. போகலாம் என்று ஆன பின் போகாத சோம்பலும் இருந்தது. பண்டித வகுப்பு மாணவர் பத்தொன்பதின்மரை அழைத்துக்கொண்டு சித்திரை விடுமுறையில் அவ்வருவியை மீளவும் காணச் சென்றது அண்மையில் தான். 'குறிஞ்சித் திணையைப் புத்தகத்திற் படித்தது போதும், கண்ணாற் காணுங்கள்' என்று சொல்லியே புறப்பட்டோம்.

ஆற்றை மேலிருந்து கீழாகப் பார்ப்பதென்று தீர்மானித்தோம். கொத்மலை ஓயா பல தலையுடையது. அக்கரப்பத்தனைப் பக்கத்து மலைகளிலிருந்து அக்கர ஓயா வருகிறது. நுவரெலியாவிலிருந்து நானு ஓயா வருகிறது. எமக்கு வாய்த்தது நுவரெலியா. ஆகவே கிரகரி வாவியிலிருந்து தொடங்கினோம்.

அந்த வாவியைச் சுற்றிச் சித்திரை மாதத்தில் இருக்கும் சனக்கூட்டத்தை வருணிக்க எனக்கு விருப்பமில்லை. படகும் குதிரையும் ஒலிபெருக்கியும் என்று சொன்னாற் போதும். ஆனால் அதன் பிறப்பு அறியத்தக்கது. 1873இல் ஆளுநராயிருந்த சேர் வில்லியம் கிரகரி, பிதுருதலாகலை மலையிலிருந்து இறங்கிய தலாகல என்னும் ஓடையை மறித்துக் கட்டச் செய்தார். அதற்கு முன் அவ்விடம் சேற்று நிலம். மனிதர் ஆக்காத நீர்நிலையைப் பொய்கை என்று நம் உரையாசிரியர் பிரித்துக் கூறுவர். அந்த வரையறையை வைத்துப் பார்த்தால், இந்த ஆற்றின் வழியிற் பயணிகள் நின்று படம் பிடிக்கும் நீர்ப்பரப்புக்களுள் ஒன்றேனும் பொய்கை அன்று. மேலே கிரகரி வாவி, நடுவே தலவாக்கலை நீர்த்தேக்கம், கீழே கொத்மலை நீர்த்தேக்கம். மூன்றும் கட்டியவை. அருவிகள் மட்டுமே தாமாக உண்டானவை. அவையும் இன்று முற்றாகத் தம் வசத்தில் இல்லை என்பதை யாம் இனிமேற்றான் காண இருந்தோம்.

இந்த ஆற்றின் நீரை முதலில் வேலைக்கு அமர்த்தியவரை மறவாது சொல்ல வேண்டும். டி. ஜே. விமலசுரேந்திர (1874–1953) என்ற பொறியியலாளர். கிரகரி வாவியின் நீரைக் கொண்டு நுவரெலியாவுக்கும் நானுஓயாவுக்கும் இடையே பிளக்பூல் என்னுமிடத்தில் ஒரு சிறிய மின்னிலையம் 1912–13 அளவில் இயங்கத் தொடங்கியது. அது அவருடைய முயற்சி. 1918இல் அவர், இலங்கையின் மலையாறுகளிலிருந்து நாடு முழுவதற்கும் வேண்டிய மின்சாரத்தைப் பெறலாம் என்று பொறியியலாளர் சங்கத்தில் ஒரு கட்டுரை படித்தார். அன்று அதனை ஏற்றவர் சிலர், நகைத்தவர் பலர். களனியின் கிளையாறுகளில் அவர் கனவு கண்ட இலக்சபான மின்னிலையம் 1950இல் இயங்கியபோது, அவர் முதியவராய் உயிரோடிருந்தார். அருவியை நோக்கி நின்ற எத்தனையோ பேருள், இது எவ்வளவு உயரத்திலிருந்து எவ்வளவு நீர் விழுகிறது என்று கணக்குப் போட்டவர் அவர். புலவன் வியந்து நின்ற இடத்திற்றான் பொறியியலாளனும் வியந்து நின்றான். இருவருக்கும் வேண்டியது ஒன்றே: உயரமும் நீரும். இடர் எல்லாம் அந்த ஒற்றுமையில் தொடங்குகிறது.

தலவாக்கலைக்கு வந்தபோது முற்பகல். ஊருக்குள்ளேயே அணை இருக்கிறது. 35 மீற்றர் சொச்சம் உயரம், 180 மீற்றர் நீளம். அணைக்கு மேலே நீர் அசையாது, பச்சையாக, கடைத்தெருவின் முதுகோடு ஒட்டிக் கிடந்தது. மேல் கொத்மலைத் திட்டம் என்று இதற்குப் பெயர். இது எளிதில் வந்த திட்டமன்று. முதலில் வரைந்த திட்டங்களில், சென்கிளயருக்கு வரும் நீரோடு டெவன், றம்பொடை, பூண்டுலோயாப் பக்கத்து ஓடைகளின் நீரையும் சுரங்கத்துக்குள் வாங்க எண்ணியிருந்தார்கள். சூழலியலாளர் எதிர்த்தனர். மலையகக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் எதிர்த்தன. முதலில் மறுக்கப்பட்ட சுற்றாடல் அனுமதி 1998இல் நிபந்தனைகளோடு கிடைத்தது. ஏனைய ஓடைகள் தப்பின. சென்கிளயர் மாத்திரம் தப்பவில்லை. 2006இல் வேலை தொடங்கி, யப்பானியக் கடனுதவியோடு நிறைவுற்று, 2012இல் மின்சாரம் வந்தது. 150 மெகாவாற்று. ஏறத்தாழ 500 குடும்பங்கள் இடம் பெயர்ந்தன.

வளைவைத் திரும்பி அருவியைக் காணும் மேடைக்கு வந்தோம். மாணவர் முன்னே ஓடினர். யான் பின்னே போனேன். முப்பத்தைந்து ஆண்டுக்கும் மேலாக மனத்தில் வைத்திருந்த ஒன்றைப் பார்க்கப் போகும்போது கால் கொஞ்சம் தயங்கத்தான் செய்கிறது.

பாறை தெரிந்தது. கரிய, அகன்ற, படி படியான பாறை. அதன் ஒரு பக்கமாக நீர் இரண்டு மூன்று தாரையாய் இறங்கிக்கொண்டிருந்தது. அழகில்லை என்று சொல்ல மாட்டேன். முதன்முதலாக அருவி ஒன்றைக் காணும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் வாய் திறந்து நின்றார்கள். ஒருத்தி மாத்திரம் என்னைப் பார்த்து, "சேர், நீங்கள் சொன்னது இதுதானோ?" என்று கேட்டாள்.

நேர்மையாகச் சொல்ல வேண்டும். யான் சிறுவனாய்க் கண்டது பெருமழைக் காலத்து அருவி, இது சித்திரை. ஆடிப் பெருக்கைச் சித்திரை நீரோடு ஒப்பிடுதல் முறையன்று. அணை நிரம்பி வழியும் நாளில் அருவி பழைய கோலத்தைக் கொள்ளும் என்று அங்குள்ளார் கூறினர். ஆனால் வழியாத நாளில் விழும் நீர், திறந்துவிட்ட நீர். அனுமதியின் நிபந்தனைப்படி, பகற்பொழுதில் அருவிக்கென்று ஒரு பங்கு நீரை விடுகிறார்கள். பார்ப்பவர் பகலில் வருகிறார்கள் அல்லவா? பார்ப்பவர் இல்லாத இரவுக்குப் பங்கு இல்லை.

இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் ஊர்ப் பங்குக் கிணறு நினைவுக்கு வந்தது. நாலைந்து தோட்டக்காரருக்கு ஒரு கிணறு. இன்னாருக்கு இன்ன நாள், இன்ன பொழுது என்று இறைப்பு முறை உண்டு. முறை தவறினால் வாய்க்கால் வரம்பிலே மண்வெட்டி உயரும். வழக்கு நீதிமன்றம் வரை போவதும் உண்டு. ஆகவே நீருக்கு முறை வைப்பது எமக்குப் புதிதன்று. ஆனால் அருவியையும் முறைகாரன் ஆக்கி, அதன் சொந்த நீரிலே அதற்கும் ஒரு பங்கு என்று எழுதிக் கொடுத்திருப்பதை அங்கேதான் கண்டேன். ஓயா என்ற பெயருக்கு யான் கொண்டிருந்த பொருள் அந்த மேடையிலே கழன்று விழுந்தது. இந்த நீர் ஓய்கிறது. நேரம் பார்த்து ஓய்கிறது.

அப்படியாயின் எஞ்சிய நீர் எங்கே? மாணவர் கேட்டனர். அது ஆச்சரியமான செய்தி. தலவாக்கலை அணையிலிருந்து ஏறத்தாழ 13 கிலோமீற்றர் நீளமான சுரங்கம் மலைகளின் வயிற்றுக்குள்ளே போகிறது. முடிவில், நிலத்தின் கீழே குடைந்த மின்னிலையத்துக்கு, 400 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து அந்நீர் இறங்குகிறது. இலங்கையில் மிக உயர்ந்த அருவி பம்பரகந்தை. அதன் உயரம் 263 மீற்றர். ஆகவே இந்நாட்டிலே நீர் இறங்கும் பேருயரங்களுள் ஒன்று மலைக்குள்ளே, இருளிலே, ஒருவர் கண்ணுக்கும் படாமல் இருக்கிறது. அதற்குத் துரை பெயரும் இல்லை. சிங்களப் பெயரும் இல்லை. தமிழ்ப் பெயரும் இல்லை. பயணிகள் மேடை கட்டிப் பார்ப்பது அதன் மிச்சத்தை.

மேடையருகே ஒரு சிறிய தேநீர்க் கடை. தகரக் கூரை. அவித்த சோளமும் பிளேன்ரீயும். கடைக்கார அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். பத்தொன்பது பிளேன்ரீக்கு ஒரே முறையில் நீர் கொதிக்க வைக்க முடியாமல் மூன்று முறை வைத்தார். அதனாற் பேசப் பொழுது கிடைத்தது. ஆற்றோரத்து லயத்திற் பிறந்தவர். அணை வந்தபோது இடம் பெயர்ந்து, கட்டிக் கொடுத்த வீட்டிற் குடியேறியவர். யான் அருவியின் பழைய பெருக்கைப் பற்றிச் சொல்லி, "இப்படி ஆகிவிட்டதே அம்மா" என்றேன். துக்கம் விசாரிக்கும் குரலில் சொல்லியிருப்பேன் போலும்.

அவர் கேத்திலைப் பார்த்தபடியே சொன்னார். "தண்ணி கொறஞ்சு போச்சேன்னு வாறவங்க எல்லாரும் கேக்குறாங்க ஐயா. நெறஞ்சு கொட்டுன காலத்துல எங்க லயத்துல வெளக்கு இருந்திச்சான்னு ஒருத்தரும் கேக்கல்ல."

யான் வாய் மூடினேன். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் மண்ணெண்ணெய் விளக்கோடு மூன்று தலைமுறை இருந்த கதையை அவர் சொன்னார். நாட்டின் மின்சாரத்திற் பெரும்பகுதி மலையாறுகளிலிருந்து வந்த காலத்திலே, அந்த மலைகளின் லயங்களில் இருட்டு. உயர்ந்த கம்பிகள் தலைக்கு மேலே கொழும்புக்குப் போயின. குடிக்கவும் குளிக்கவும் பீலிக்கரை, அதிலும் வரிசை. அருவி அவர்களுக்குக் காட்சிப் பொருளாய் இருந்ததில்லை. கொழுந்துக் கூடையோடு மலையேறும்போது எதிரே தெரியும் ஒன்று. அவ்வளவே.

மின்சாரத்தை இகழ எனக்கும் உரிமை இல்லை. 1990க்குப் பிந்திய ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. ஜாம்போத்தல் விளக்கின் கீழேதான் நன்னூற் காண்டிகையுரையைப் படித்து முடித்தேன். திரியைச் சிறிதாக்கி எண்ணெயை மிச்சம் பிடித்த கை இது. விளக்கின் அருமை தெரிந்தவன் அருவிக்காக மட்டும் அழுதால் அது பாதி அழுகை. இதை அந்த அம்மாவுக்குச் சொன்னேன். அவர் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"இப்ப கரண்ட் இருக்கு. வீடு இருக்கு. இல்லன்னு சொல்லக் கூடாது" என்றார். பிறகு, கிளாசுகளை வரிசையாக வைத்துக்கொண்டே, "ஆனா மொத வருசம் ராவுல தூக்கம் வரல்ல. புள்ளையில இருந்து ஆத்துச் சத்தத்துலதான் படுத்தோம். சத்தம் நின்னதும் என்னமோ வீட்டுல ஒரு ஆள் கொறஞ்ச மாதிரி இருந்திச்சு" என்றார்.

இதே தலவாக்கலையைப் பற்றிப் பேசும்போது சி. வி. வேலுப்பிள்ளையை (1914–1984) நினையாதிருத்தல் கூடாது. அடுத்த நிலையமாகிய வட்டகொடைப் பக்கத்து மடக்கொம்பரைத் தோட்டத்திற் பிறந்தவர். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர். அவருக்கு வாக்களித்த மக்களிற் பெரும்பாலார், 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின் 1952இல் நடந்த அடுத்த தேர்தலில் வாக்கில்லாதவராயினர். அவர் ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதினார். தோட்ட மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். பண்டிதர்களாகிய நாம் அப்பாடல்களை நெடுங்காலம் இலக்கியமென்று எண்ணவில்லை. குற்றாலத்து அருவியைப் பாடிய திரிகூடராசப்பக் கவிராயரைத் தலைமேல் வைத்தோம். அந்தத் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மதுரை, இராமநாதபுரம், திருச்சி, சேலம் பக்கங்களிலிருந்தும் மன்னார்க் கரையிறங்கிக் காட்டு வழியே நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வேறோர் அருவியின் பக்கத்தில் என்ன பாடினார்கள் என்று கேட்க எமக்கு நேரமிருக்கவில்லை.

மாணவன் ஒருவன் அன்று ஒரு வினா எழுப்பினான். குறிஞ்சிக்குத் தெய்வம் சேயோன். தோட்டந்தோறும் முருகன் கோயில் இருக்கிறது, சரி. நீர் அருவி; சரி. உணவு தினை, அதன் இடத்தில் தேயிலை நிற்கிறது. தேயிலையைக் கருப்பொருளாகக் கொள்ளலாமா? கொள்ளலாம் என்றேன். தினைப்புனம் காத்தவள் கிளி ஓட்டினாள், அது அவள் வீட்டுப் புனம். கொழுந்து பறிப்பவளுக்கு ஒரு கிலோ குறைந்தாலும் கூலியில் வெட்டு விழும், இதற்கு உரிப்பொருள் எது என்று அவன் மேலும் கேட்டான். தேநீரைக் குடி என்றேன். விடை தெரியாத ஆசிரியருக்கு அது ஒரு வழி.

மறுநாள் கீழே கொத்மலைக்குப் போனோம். வழியில் றம்பொடை. 109 மீற்றர் உயரத்து அருவி. கொத்மலை ஓயாவுக்கு வரும் கிளையோடையில் இருப்பது. கண்டி – நுவரெலியா வீதியிற் போவார் அனைவரும் இறங்கும் இடம். திட்டத்திலிருந்து தப்பிய நீர் என்பதாலோ என்னவோ அதன் ஓசையே வேறாகத் தோன்றியது. வழுக்கும் பாறையில் ஏறிப் படம் பிடிக்கும் இளைஞரைப் பார்க்கத்தான் வயிறு கலங்கியது. அருவிகளில் ஆண்டுதோறும் உயிர் போகிறது. என் மாணவரைக் கைவரிசைக்கு அப்பால் விடவில்லை.

கொத்மலை நீர்த்தேக்கம் பெரியது. 1985இல் நிறைவேறியது, மகாவலித் திட்டத்தின் பேரணைகளுள் ஒன்று, 87 மீற்றர் உயரம், 600 மீற்றர் நீளம். தலவாக்கலையில் சுரங்கத்துக்குட் புகுந்த நீர் வெளியே வந்து இதிற்றான் சேர்கிறது. இதன் கீழே கிடப்பவை பழைய சிங்களக் கிராமங்கள். துட்டகைமுனு இளமையில் ஒளித்து வாழ்ந்த இடம் இப்பள்ளத்தாக்கென்பது அவர்கள் மரபு. வயலும் வீடும் விட்டு, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் போயின. பலர் வறண்ட வலயத்துப் புதுக் குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டனர். நீர் வற்றும் காலத்திற் கடதொர என்ற ஊரின் பழைய விகாரை சேற்றிலிருந்து எழுந்து நிற்கும். அங்கிருந்து போனவர்களின் பிள்ளைகள் அந்நாட்களில் வந்து மலர் வைத்து வணங்குவதுண்டாம். மேலே இடம் பெயர்ந்தவர் தமிழ்த் தொழிலாளர். கீழே இடம் பெயர்ந்தவர் சிங்கள விவசாயிகள். இருவரையும் பெயர்த்தது ஒரே ஆறு. இதனை அணைக்கரையில் நின்று மாணவருக்குச் சொன்னபோது பக்கத்தில் நின்ற சிங்கள முதியவர் ஒருவர், தமிழ் விளங்கியோ விளங்காமலோ, தலையை ஆட்டினார்.

அணைக்கப்பால் நீர் மகாவலியோடு கலந்து, கண்டியைச் சுற்றி, பொல்கொல்லையில் ஒரு பங்கை 1976 முதல் வடமத்திக்குக் கொடுத்து, எஞ்சியது திருகோணமலைக் கொட்டியாரக் குடாவிற் கடலைச் சேர்கிறது. ஆகவே அக்கரப்பத்தனையில் பீலியிற் பிடிக்கும் நீருக்கும் மூதூர்க் கரையில் வலை வீசுபவனுக்கும் தொடர்பு உண்டு. மாணவருள் ஒருவன் மூதூரான். அவன் அன்று முழுவதும் அந்த ஆறு தன்னுடையது போலப் பேசிக்கொண்டிருந்தான். யாரும் அதனை மறுக்கவில்லை.

அன்றிரவு மீண்டும் தலவாக்கலையிலே தங்கினோம். மாணவர் உறங்கிய பின் யன்னலைத் திறந்து காதைக் கொடுத்துப் பார்த்தேன். தூரத்திலே ஒரு லொறி. ஒரு நாய். அணைக்கரையில் விளக்குகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. எதிர்மலை லயங்களிலும் விளக்குகள். 1982இல் அந்தப் பக்கம் முழு இருட்டாயிருந்தது. சிறிது நேரம் அவற்றை எண்ணினேன். எண்ணிக்கை தவறியதும் படுத்துக்கொண்டேன்.

காலை வண்டியிற் புறப்பட்டோம். யன்னலோரத்து இடத்தை எனக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். முதல்நாள் 'இதுதானோ' என்று கேட்ட பெண்ணை அதில் இருத்தினேன். வளைவு வந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்த பாறையிலே நீர் இறங்கத் தொடங்கியிருந்தது. "சேர், நேற்றையிலும் கூட" என்றாள். கூடுதலாகத்தான் இருந்தது, அல்லது எனக்கும் அப்படித் தெரிந்தது. அடுத்த வளைவில் இன்னொரு முறை கண்டோம். பின்பு தேயிலை, கொட்டகலை, சிங்கமலைச் சுரங்கம். இருட்டுக்குள் பத்தொன்பது பேரும் கூவினார்கள். யான் கூவவில்லை. வண்டியின் மறுகோடியிலிருந்து யாரோ ஒரு கிழவர் கூவினார்.